ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் அரிசி?

தினமும் நாம் எங்காவது போய்வருகிறோம். வயலுக்குப் போகிறோம். சந்தைக்குப் போகிறோம். ஆலை வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலர் நடந்து போகிறார்கள். சிலர் சைக்கிளில் போகிறார்கள். சிலர் பஸ்ஸில், ரயிலில், மோட்டார் சைக்கிளில் போகிறார்கள்.

எப்படிப் போனாலும் சக்தி செலவாகிறது. நடந்தால் நாம் சாப்பிட்ட சோறு செலவாகிறது. பஸ்ஸில் போனால் டீசல் செலவாகிறது. மின்சார ரயிலில் போனால் மின்சாரம் செலவாகிறது. அந்த மின்சாரத்துக்காக எங்கோ ஒரு மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது.

எதில் போனால் குறைந்த சக்தி செலவாகும்? எதில் போனால் அதிகம் செலவாகும்? இதைத் தெரிந்துகொள்வது நமக்கு அவசியம். ஏனென்றால் நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால், இங்கே காய்கறி விலையும் பஸ் கட்டணமும் ஏறுகின்றன. கார் இல்லாதவர் வீட்டிலும் அந்தச் செலவு விழுகிறது.

எல்லாவற்றுக்கும் ஒரே படி

நெல்லை ஒரு படியாலும் கேழ்வரகை வேறொரு படியாலும் அளந்தால், எது அதிகம் என்று சொல்ல முடியுமா? முடியாது. இரண்டையும் ஒரே படியால் அளக்க வேண்டும்.

பெட்ரோலை லிட்டரில் அளக்கிறோம். மின்சாரத்தை யூனிட்டில் அளக்கிறோம். நிலக்கரியைக் கிலோவில் அளக்கிறோம். இவற்றை எப்படி ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவது? எல்லாவற்றிலும் இருப்பது வெப்ப சக்திதான். அதை விஞ்ஞானிகள் கலோரி என்னும் அளவால் சொல்கிறார்கள். நமக்கு அதைவிடப் பழக்கமான பொருள் ஒன்று உண்டு. அது அரிசி. இந்தப் பாடத்தில் அரிசியையே படியாக வைத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள சக்தி, சுமார் 2 கிலோ 200 கிராம் அரிசியில் உள்ள சக்திக்குச் சமம். ஒரு லிட்டர் டீசலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அது சுமார் 2 கிலோ 450 கிராம் அரிசிக்குச் சமம். பெட்ரோலை நாம் குடிக்க முடியாது. அரிசியை வண்டியில் போட முடியாது. அளப்பதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

ஒரு லிட்டர் பெட்ரோல் என்பது ஒரு சின்ன பாட்டில்தான். அதற்குள் ஒரு குடும்பம் இரண்டு நாள் பொங்கிச் சாப்பிடுகிற அளவு சக்தி இருக்கிறது. பெட்ரோலை உலகம் ஏன் இவ்வளவு தேடி அலைகிறது என்பது இப்போது புரிகிறதா?

நடையும் சைக்கிளும்

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால், அவர் உடம்பில் செலவாகும் சக்தி சுமார் 14 கிராம் அரிசிக்குச் சமம். அதாவது ஒரு சிறு கைப்பிடி அரிசி. 10 கிலோமீட்டர் நடந்தால் 140 கிராம் அரிசி.

1930-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் தேதி காந்தியடிகள் சபர்மதி ஆசிரமத்திலிருந்து உப்பு எடுக்கப் புறப்பட்டார். தண்டிக் கடற்கரைக்கு ஏப்ரல் 5-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். சுமார் 385 கிலோமீட்டர் நடை. அப்போது அவருக்கு 60 வயது. மெலிந்த உடம்பு. அந்த நடை முழுவதற்கும் அவர் உடம்பு செலவழித்தது ஏறக்குறைய நாலரைக் கிலோ அரிசிக்கு உரிய சக்திதான். பெட்ரோலாகச் சொன்னால் 2 லிட்டர். இந்த 2 லிட்டரில் ஒரு கார் 30 கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும்.

இப்போது சைக்கிளைப் பார்ப்போம். அதே மனிதர் சைக்கிளில் ஒரு கிலோமீட்டர் போனால் 6 அல்லது 7 கிராம் அரிசிதான் செலவு. நடப்பதில் பாதி! நேரமும் மூன்றில் ஒரு பங்குதான்.

இது எப்படி? நடக்கும்போது நாம் ஒவ்வோர் அடிக்கும் உடம்பைச் சற்றே தூக்கி இறக்குகிறோம். காலை வீசி நிறுத்துகிறோம். மறுபடி வீசுகிறோம். தூக்கியது, நிறுத்தியது எல்லாம் வீண் செலவு. சைக்கிளில் உடம்பு சீட்டில் உட்கார்ந்துவிடுகிறது. எடையைச் சக்கரம் சுமக்கிறது. கால்கள் சுற்றுகிற வேலையை மட்டும் செய்கின்றன. மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருண்டுகொண்டே போகிறது. நடையில் அப்படி நடக்குமா?

ஓட்டுகிறவர் 60 கிலோ. சைக்கிள் 20 கிலோ. தன்னைப்போல மூன்று மடங்கு எடையைச் சுமக்கிற வண்டி இது. நம் ஊர்களில் 50 கிலோ மூட்டையையும் ஏற்றிவிடுகிறார்கள். மனிதன் கண்டுபிடித்த வண்டிகளில் சக்தியை இவ்வளவு சிக்கனமாகச் செலவழிப்பது வேறு எதுவும் இல்லை. மோட்டார் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் சைக்கிளின் இந்த இடத்தை யாரும் பிடிக்கவில்லை.

அறிவொளி இயக்கத்தில் படித்தவர்களுக்குச் சைக்கிள் புதிதல்ல. 1991-92-இல் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. 2006-இல் பீகார் அரசு 9-ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் கூடினார்கள். பள்ளி தூரமாக இருந்த ஊர்களில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிந்தது.

நீங்கள் ஒன்று கேட்கலாம். “சைக்கிள் நல்லதுதான். பகல் முழுவதும் நாற்று நட்டு, இடுப்பு ஒடிந்து வருகிறவள் சாயங்காலம் எட்டு கிலோமீட்டர் மிதிப்பாளா?” நியாயமான கேள்வி. அரிசிக் கணக்கில் சைக்கிள் ஜெயிக்கிறது. உடம்பின் களைப்பு அந்தக் கணக்கில் வராது. கொல்கத்தாவிலும் பாட்னாவிலும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவரை எண்ணிப் பாருங்கள். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மிதிக்கிறார். செலவாகும் சக்தி மிகக் குறைவு. அவருக்குக் கிடைக்கும் கூலியும் குறைவு. ஆகவே தூரம் கூடும்போது பொது வண்டி வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

நூறு ரூபாய் எங்கே போகிறது?

ஒரு மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் போனால் கிலோமீட்டருக்கு 44 கிராம் அரிசி. இரண்டு பேர் போனால் ஆளுக்கு 22 கிராம். இரண்டாவது ஆள் ஏறியதும் பெட்ரோல் கொஞ்சம் கூடும். ஆனால் இரண்டு மடங்கு ஆகாது.

கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், தனியாகப் போகிறவருக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் அரிசி செலவாகிறது. சைக்கிளைப்போல 20 மடங்குக்கு மேல்! அதே காரில் நாலு பேர் போனால் ஆளுக்கு 37 கிராம்.

ஏன் இவ்வளவு செலவு? 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறீர்கள். என்ஜினுக்குள் அது எரிகிறது. அதில் சுமார் 75 ரூபாய் வெறும் சூடாகப் போய்விடுகிறது. புகைக்குழாயில் போகிறது. ரேடியேட்டரில் போகிறது. மீதி 25 ரூபாய்தான் வண்டியை ஓட்டுகிறது. அந்தக் காரின் எடை என்ன? சுமார் 1,000 கிலோ. உள்ளே இருக்கும் உங்கள் எடை 60 கிலோ. ஆக, 25 ரூபாயில் பெரும்பகுதி இரும்பை இழுக்கத்தான் போகிறது. உங்களைக் கொண்டுபோக ஆன செலவு ஒன்றரை ரூபாய்கூட இல்லை.

நூறு ரூபாய் கொடுத்து ஒன்றரை ரூபாய்ச் சரக்கு வாங்கினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போவோம். காரோடு யாரும் சண்டை போடுவதில்லை.

இன்னும் சில செலவுகள் ஓட்டுகிறவர் கையில் இருக்கின்றன. வேகம் கூடினால் எதிர்க்காற்று தள்ளுகிறது. சைக்கிளில் எதிர்க்காற்றில் போனவர்களுக்கு இது தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகிறது. அதனால்தான் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் சொல்கிறார்கள். டயரில் காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். அடிக்கடி பிரேக் பிடித்தாலும் அப்படித்தான். பிரேக் பிடித்து நிறுத்திய வண்டியின் சக்கரத்துக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். ஓடிக்கொண்டிருந்த சக்திதான் அங்கே சூடாகப் போகிறது.

பஸ்: நிறைந்தால் ஒரு கணக்கு, காலியானால் ஒரு கணக்கு

பஸ் மிகப் பெரிய வண்டி. காலியாக இருக்கும்போதே சுமார் 10 டன் எடை. லிட்டருக்கு 5 கிலோமீட்டர்தான் ஓடும். கேட்டால் பயமாக இருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்கு 490 கிராம் அரிசி!

ஆனால் அதில் 50 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 490-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சுமார் 10 கிராம். நடந்து போனால் 14 கிராம் என்று பார்த்தோம் அல்லவா? நிறைந்த பஸ்ஸில் போகிறவர், நடந்து போகிறவரைவிடக் குறைந்த சக்தியில் போகிறார்! பலருக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். வகுத்தல் கணக்கு பொய் சொல்லாது.

இப்போது அதே பஸ்ஸில் 10 பேர் மட்டும் இருந்தால்? ஆளுக்கு 49 கிராம். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகிறவரின் செலவைத் தாண்டிவிட்டது. 5 பேர் மட்டும் இருந்தால் 98 கிராம். மதிய நேரத்தில் டிரைவரும் கண்டக்டரும் மூன்று பாட்டிகளுமாகப் போகிற பஸ்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்துக் கணக்கு அது.

பல கிராமங்களில் ஒரு சங்கடம் நடந்துகொண்டிருக்கிறது. கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் கடன் போட்டு மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். பஸ்ஸில் ஆள் குறைகிறது. நஷ்டம் என்று சொல்லி ஒரு டிரிப்பைக் குறைக்கிறார்கள். பஸ் குறைந்ததும் மீதி இருக்கிறவர்களுக்கும் பஸ் உதவாமல் போகிறது. அவர்களில் முடிந்தவர்கள் வண்டி வாங்குகிறார்கள். இன்னும் ஒரு டிரிப் குறைகிறது. கடைசியில் யார் மிஞ்சுகிறார்கள்? வண்டி ஓட்டத் தெரியாத பாட்டி, மேல்படிப்புக்கு டவுனுக்குப் போகிற பெண், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கர்ப்பிணி. இவர்கள்தான் மிஞ்சுகிறார்கள்.

“10 பேருக்காகப் பஸ் விடுவது டீசலுக்குக் கேடுதானே” என்று ஓர் அதிகாரி சொல்லலாம். அந்த ஒரு டிரிப்பை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஒரு நாள் முழுவதையும் பார்க்க வேண்டும். காலையில் 60 பேர், மதியம் 8 பேர், மாலையில் 55 பேர், இரவு 15 பேர். சராசரி போட்டால் 34 பேருக்கு மேல் வருகிறது. ஆளுக்குச் சுமார் 14 கிராம். திரும்பிவர மதியப் பஸ் உண்டு என்ற நம்பிக்கையில்தான் காலைப் பஸ்ஸில் பலர் ஏறுகிறார்கள். மதியப் பஸ்ஸை நிறுத்தினால் காலைப் பஸ்ஸிலும் ஆள் குறையும்.

ஓடுகிற பஸ்ஸில் கூடுதலாக ஒருவர் ஏறினால் கூடுகிற டீசல் மிக மிகக் கொஞ்சம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் பயணத்தை டில்லி 2019-இலும், தமிழ்நாடு 2021-இலும், கர்நாடகம் 2023-இலும் தொடங்கின. இதில் பணச் செலவு பற்றிப் பல வாதங்கள் உண்டு. சக்திக் கணக்கில் வாதத்துக்கு அதிக இடமில்லை. சீட் நிறைய நிறைய ஆளுக்கு ஆகும் செலவு இறங்குகிறது.

ரயில்: இரும்பின் மேல் இரும்பு

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு நம் நாட்டின் முதல் பயணி ரயில் ஓடியது. 34 கிலோமீட்டர் தூரம். மூன்று நீராவி என்ஜின்கள் அதை இழுத்தன. நீராவி என்ஜின் பார்க்க அழகு. ஆனால் பெரிய ஊதாரி. அது தின்ற நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போகவில்லை. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் குர்லா வரை முதல் மின்சார ரயில் ஓடியது. இன்று அகல ரயில் பாதையில் 100-க்கு 95 பங்குக்கும் மேல் மின்சாரக் கம்பி போட்டாயிற்று.

ரயிலின் பலம் எதில் இருக்கிறது? சக்கரமும் இரும்பு, பாதையும் இரும்பு. ரப்பர் டயர் தரையில் அமுங்கி அமுங்கி உருளும். மண் சாலையில் சைக்கிள் எவ்வளவு இழுக்கிறது, தார்ச் சாலையில் எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று உங்களுக்குத் தெரியும். தார்ச் சாலைக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள வித்தியாசமும் அப்படிப்பட்டது. ரப்பர் டயருக்கு உள்ள தடையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தண்டவாளத்தில் இல்லை. இன்னொன்று, 22 பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. எதிர்க்காற்றை முதல் வண்டிதான் கிழிக்கிறது. பின்னால் வருகிற பெட்டிகளுக்கு அவ்வளவு சிரமமில்லை.

நீண்ட தூர மின்சார ரயில் நிறைய ஆட்களோடு போனால், 100 கிலோமீட்டருக்கு ஆளுக்குச் சுமார் 2 யூனிட் மின்சாரம் ஆகும். ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறுகிறது. மீதி வீணாகிறது. அதையும் சேர்த்தால் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் அரிசி என்று வைக்கலாம். 2 யூனிட்டுக்கு 1,400 கிராம். 100 கிலோமீட்டருக்கு இது. ஆகவே கிலோமீட்டருக்கு 14 கிராம்.

“எல்லாவற்றிலும் ரயில்தான் சிக்கனம்” என்று பல புத்தகங்களில் எழுதுகிறார்கள். நம் நாட்டில் அதைச் சற்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நிறைந்த சாதாரண பஸ் 10 கிராமில் போகிறது. ரயில் 14 கிராமில் போகிறது. ரயில் பெட்டியின் எடையும் இதற்கு ஒரு காரணம். புதுவகைப் படுக்கைப் பெட்டி ஒன்று சுமார் 40 டன். அதில் 80 படுக்கைகள். ஆளுக்கு அரை டன் இரும்பு! பஸ்ஸில் ஆளுக்கு 200 கிலோதான். ஆனால் ரயில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேலும் ஓடுகிறது. படுத்துத் தூங்கலாம். கழிப்பறை இருக்கிறது. அந்த வேகத்தில் பஸ் ஓடினால் அதன் டீசல் கணக்கு ஏறிவிடும். மேலும், காற்றாலை, சூரியன், நீர்வீழ்ச்சி இவற்றிலிருந்து வரும் மின்சாரம் கூடக் கூட ரயிலின் 14 கிராம் குறைந்துகொண்டே வரும். பஸ் டீசலுக்கு அந்த வழி இல்லை.

ஒரே ரயிலுக்குள்ளும் எல்லாரும் ஒன்றல்ல. படுக்கைப் பெட்டியில் 80 பேர். முதல் வகுப்புக் குளிர்பதனப் பெட்டியில் 24 பேர். இரண்டு பெட்டிகளையும் என்ஜின் ஒரே மாதிரிதான் இழுக்கிறது. ஆகவே முதல் வகுப்பில் போகிறவருக்கு மூன்று மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது. குளிர்பதனத்துக்கு ஆகும் மின்சாரம் தனி. முன்பதிவில்லாப் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறவர்தான் நாட்டின் மிகச் சிக்கனமான பயணி. அவருக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை. உட்கார இடம்கூடக் கொடுப்பதில்லை.

மும்பைப் புறநகர் ரயில் இதற்கு இன்னும் பெரிய உதாரணம். காலை நேரத்தில் 12 பெட்டிகளில் மூவாயிரம் பேருக்கு மேல் ஏறுகிறார்கள். அந்த ரயிலிலேயே டப்பாவாலாக்கள் சாப்பாட்டுக் கூடைகளையும் ஏற்றிச் செல்கிறார்கள். 1890 முதல் நடந்துவரும் தொழில் இது. வீட்டிலிருந்து நிலையம் வரை சைக்கிள் அல்லது கால்நடை, பிறகு ரயில், பிறகு மறுபடி சைக்கிள், தள்ளுவண்டி. லட்சத்துக்கும் மேற்பட்ட சாப்பாட்டு டப்பாக்களை ஒரு காலத்தில் இப்படிச் சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் கொண்டுபோனார்கள்.

அடிக்கடி நிற்கிற ரயிலுக்குப் பிரேக்கில் வீணாகும் சக்தி அதிகம். அதைத் திரும்பப் பிடிக்க ஒரு வழி வந்திருக்கிறது. பிரேக் போடும்போது ரயிலின் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கும் இயந்திரமாக மாறிவிடும். அந்த மின்சாரம் கம்பி வழியாகப் பக்கத்தில் புறப்படுகிற ரயிலுக்குப் போய்விடும். 2002-இல் ஓடத் தொடங்கிய டில்லி மெட்ரோ ரயிலில் இந்த வசதி உண்டு. மும்பைப் புறநகர் ரயில்களிலும் உண்டு. எடுத்த மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித் திரும்பக் கிடைக்கிறது.

கொங்கண் ரயில்வேயில் 1999 முதல் ஒரு வேடிக்கை நடக்கிறது. லாரியே ரயிலில் ஏறிப் போகிறது! மகாராஷ்டிரத்தின் கோலாடிலிருந்து கோவாவின் வெர்ணா வரை, சரக்கோடு லாரிகளைத் தட்டை வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். டிரைவர் உள்ளேயே உட்கார்ந்து தூங்கலாம். டீசலும் மிச்சம், டயரும் மிச்சம்.

பாட்டரி வண்டி, படகு, விமானம்

டில்லி, லக்னோ, கொல்கத்தா வீதிகளில் பாட்டரி ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. இரவில் சுமார் 7 யூனிட் மின்சாரம் ஏற்றினால் 90 கிலோமீட்டர் ஓடும். நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 14 கிராம். ரயிலுக்குச் சமம்! மெதுவாகப் போகிறது, எடை குறைவு. அதுதான் காரணம். பாட்டரி ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் எடுக்கும். தனி ஆளுக்கு 21 கிராம். பெட்ரோல் வண்டியில் பாதி.

கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே காயலைக் கடக்க டீசல் படகுகள் ஓடின. 2017-இல் அங்கே ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகை விட்டார்கள். 75 பேர் போகலாம். கூரை முழுவதும் சூரியத் தகடுகள். வெயிலே எரிபொருள்.

விமானம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பலர் அதில் ஏறுவதில்லை. 180 பேர் நிறைந்த விமானம் டில்லியிலிருந்து மும்பைக்கு, அதாவது சுமார் 1,150 கிலோமீட்டர் பறக்க, ஆளுக்கு 30 லிட்டர் எண்ணெய் எரிக்கிறது. கிலோமீட்டருக்கு 60 கிராம் அரிசிக்கு மேல். தனி ஆள் கார் இதைவிட மோசம் என்பது ஆச்சரியம்தான். ஆனால் காரில் போகிறவர் 20 கிலோமீட்டரில் இறங்கிவிடுவார். விமானம் ஒரே மூச்சில் ஆயிரம் கிலோமீட்டர் செலவை வைத்துவிடும்.

ஒரு மாதக் கணக்கு

ஒருவர் வீட்டிலிருந்து 12 கிலோமீட்டர் தூரத்தில் வேலை செய்கிறார். போக வர 24 கிலோமீட்டர். மாதம் 25 நாள் வேலை. மொத்தம் 600 கிலோமீட்டர்.

மோட்டார் சைக்கிளில் போனால் 12 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய். ஆயில், டயர், கடன் தவணை தனி. அரிசிக் கணக்கில் இது 26 கிலோவுக்கு மேல். ஒரு மூட்டை அரிசி! சைக்கிளில் போனால் கூடுதலாகச் சாப்பிட வேண்டியது மாதம் 4 கிலோ அரிசிதான். ஆனால் தினமும் 24 கிலோமீட்டர் எல்லாராலும் மிதிக்க முடியாது. பஸ்ஸில் 34 பேரோடு போனால் மாதம் எட்டரைக் கிலோ.

பஸ் நிறுத்தம் வரை 3 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 9 கிலோமீட்டர் பஸ் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். நிறுத்தத்தில் சைக்கிளைப் பூட்டி வைக்க ஒரு கொட்டகை இருந்தால் இன்னும் பலர் இப்படிப் போவார்கள். ஊராட்சியால் செய்யக்கூடிய வேலைதான் இது. கிராம சபையில் கேட்கலாம்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

1. ஒரு வேன் ஒரு லிட்டர் டீசலில் 10 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் 8 பேர் போகிறார்கள். ஆளுக்குக் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் அரிசி? (விடை: சுமார் 31 கிராம்)

2. பஸ்ஸில் 20 பேர். மோட்டார் சைக்கிளில் 2 பேர். யாருக்குச் செலவு குறைவு?

3. உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் காலையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? மதியம் எத்தனை பேர்? ஒரு வாரம் எண்ணி எழுதுங்கள். வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று டிரைவரிடம் கேளுங்கள். பிறகு வகுத்துப் பாருங்கள். டிரிப்பைக் குறைக்கப் போவதாக யாராவது சொன்னால், இந்தக் காகிதத்தையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.